வெயில் தொடாத தண்ணீர்

போன வாரம் நான் முன்பு வேலை பார்த்த லேபில் இருக்கிற பெண்கள் போன் போட்டார்கள். "ஆயாம்மா, உங்க வேலைய ஒரு மெஷினுக்குக் குடுத்துட்டாங்க, வந்து பாத்துட்டுப் போங்க" என்று கிண்டல். நான் விடுவேனா? பட்டுக்கரைப் புடவை கட்டிக்கொண்டு, பூ வைத்துக்கொண்டு, கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி கும்மிடிப்பூண்டிக்கு ரயில் ஏறிப் போனேன். நடு ஹாலில் மஞ்சளாக ஒரு மிதவை உட்கார்ந்திருந்தது. அண்டாவைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருக்கிறது, தலையில் ஒரு விளக்கு வேறு. இதைப் பழவேற்காட்டுப் பக்கம் உப்பங்கழியில் மிதக்க விடுவார்களாம். தண்ணீரில் எவ்வளவு சூடு, எவ்வளவு உப்பு, எவ்வளவு கலங்கல் என்று ராப்பகலாகப் பார்த்துப் பார்த்து லேபுக்குச் செய்தி அனுப்புமாம்.

"இது கிருமிய எண்ணுமா?" என்று கேட்டேன்.

"எண்ணாது ஆயாம்மா. கிருமிக்குச் சாதகமான நேரம் எதுன்னு சொல்லும். அந்த நேரத்துல நாம போய்த் தண்ணி எடுக்கணும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதைத்தானே நானும் நிர்மலா மேடமும் ஜீப் இல்லாமல், பூட்ஸை வேறு தொலைத்துக்கொண்டு கண்டுபிடித்தோம் என்றேன். அந்தக் கதையைச் சொன்னால்தான் விடுவோம் என்று பிடித்துக்கொண்டார்கள். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் பேசினேன், அதில் ஒருத்தி போனில் பிடித்து எழுதினாள். அச்சில் வரப்போகிறது என்பதால் என் பேச்சுக்குத் தலைவாரிப் பொட்டு வைத்துவிட்டிருக்கிறாள். மற்றவர்கள் பேசியதில் மட்டும் கை வைக்காதே என்று சொல்லிவிட்டேன்.

நான் முதலில் வேலை பார்த்தது கும்மிடிப்பூண்டித் தொழில் எஸ்டேட்டில் ஓர் இரும்பு ஆலையில். கூட்டிப் பெருக்குகிற வேலை. கூட்டக் கூட்ட கரித்தூள் விழுந்துகொண்டே இருக்கும், சாயங்காலம் மூக்கைச் சிந்தினால் கைக்குட்டை கறுத்துப்போகும். பக்கத்துத் தெருவில் தண்ணீர் சோதிக்கிற லேப் ஒன்று இருந்தது. பாட்டில் கழுவ ஆள் வேண்டும் என்றார்கள். பாத்திரம் கழுவத் தெரியாதா என்று நினைத்துப் போய்ச் சேர்ந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அதுவரைக்கும் நான் பாத்திரமே கழுவினதில்லை என்று.

நிர்மலா மேடம்தான் கிருமிப் பிரிவுக்குப் பெரியவர். திருவள்ளூர்க்காரர். அவர் வீட்டில் தலைமுறை தலைமுறையாகக் கோயில் மடப்பள்ளியில் சமைக்கிறவர்கள். குரலை உயர்த்தவே மாட்டார். தப்புச் செய்தால் திட்ட மாட்டார், பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, "கஸ்தூரிம்மா, இன்னொரு தரம் பண்ணலாமா?" என்பார். திட்டிவிட்டால்கூடப் பரவாயில்லை என்று இருக்கும். ஒரே பாட்டிலை நாளெல்லாம் இன்னொரு தரம், இன்னொரு தரம் என்று கழுவியிருக்கிறேன்.

சோப்புப் போட்டுக் கழுவி, சோப்பு வாடையே இல்லாமல் அலசி, காய்ச்சி வடித்த தண்ணீரில் மறுபடி அலசி, மூடியைத் தளர்த்திப் போட்டு, மேலே அலுமினியத் தாளைக் குல்லா மாதிரி கவிழ்த்து, அப்புறம் பெரிய குக்கரில் வேகவைக்க வேண்டும். இட்லிக் குண்டானுக்குத் தாத்தா மாதிரி ஒரு குக்கர். அது விசில் அடிக்காது, முள்தான் நகரும். பாட்டிலில் ஒட்டுகிற காகித டேப்பில் வெளிறிய கோடுகள் இருக்கும். சரியாக வெந்தால் கோடு கறுத்துவிடும். எனக்காகவே செய்த மாதிரி இருந்தது அந்த டேப். படிக்க வேண்டியதில்லை, கறுத்ததா கறுக்கவில்லையா, அவ்வளவுதான்.

கிருமி வளர்க்கிற தட்டில் ஊற்றுகிற கூழைப் பார்த்ததும், "இது நோம்புக்கு எங்க தெருவுல பாய் ஊட்ல குடுப்பாங்களே, கடல்பாசி, அதுதானே மேடம்?" என்றேன். மேடம் முதல் தடவையாகச் சிரித்தார். "அதேதான். அது நமக்கு, இது கிருமிக்கு நாஷ்டா" என்றார். அந்தக் கூழ்த் தட்டில் தண்ணீரை விட்டு, சூடான பெட்டியில் வைத்துவிட்டால், கண்ணுக்குத் தெரியாத ஒவ்வொரு கிருமியும் தின்று பெருகி மறுநாள் ஒரு புள்ளியாக நிற்கும். மேடம் அதை எண்ணுவார். வெறும் தட்டைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷம். நன்றாக விளக்கின எவர்சில்வர் தட்டைப் பார்க்கிற சந்தோஷம்.

இப்படியே பல வருஷம் ஓடிவிட்டது. தண்ணீர் எடுக்கப் போகும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போக ஆரம்பித்தார்கள். ஐஸ் பெட்டி தூக்க ஆள் வேண்டுமே. அப்படிப் போன இடத்தில்தான் செல்லியைப் பார்த்தேன்.

செல்லி கழியில் கையால் இறால் பிடிக்கிறவள். அவள் கூட்டத்துப் பெண்களுக்கு வலை கிடையாது, படகு கிடையாது. கழுத்தளவு தண்ணீரில் குந்தி, சேற்றைத் தடவித் தடவி இறாலைப் பிடிப்பார்கள். இரண்டு கையும் சேற்றில் இருக்குமே, பிடித்ததை எங்கே போடுவது? பனை ஓலையில் பின்னின பை ஒன்று, பறி என்பார்கள், அதை வாயில் கவ்விக்கொள்வார்கள். இறாலைப் பிடித்துப் பிடித்து முகவாய்க்குக் கீழே தொங்குகிற அந்தப் பையில் போடுவார்கள். வேலை முடிகிற வரைக்கும் பேச்சே வராது. கூப்பிட்டால் "ம்ம்" என்பார்கள். கரைக்கு ஏறிப் பறியை வாயிலிருந்து எடுத்தபிறகு பேசுவார்கள் பாருங்கள், அவ்வளவையும் சேர்த்து வைத்துப் பேசுவார்கள். நானே வாயை மூடிக்கொள்ள வேண்டியதாகிவிடும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த வருஷம் மழைக்குப் பிறகு அந்தப் பெண்களுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் விடாமல் வந்தது. ஒருத்தி தேறினால் இன்னொருத்தி படுத்தாள். அவர்கள் சுத்தமில்லாதவர்கள், கை கழுவ மாட்டார்கள், அதனால் வருகிறது என்று ஊரில் பேச்சு. கரையில் இறால் வாங்குகிற துரை என்கிற வியாபாரி ஒரு படி மேலே போனார். எடை போடுகிற இடத்தில் எல்லார் முன்னாலும், "செல்லி கூட்டத்து இறால் வாணாம், வியாதி இறாலு" என்று கூவிவிட்டார். அதோடு அவர்கள் இறாலை யாரும் தொடவில்லை. பிடிப்பார்கள், விற்காது, வெயிலில் கெட்டுப்போகும், திரும்பக் கழியிலேயே கொட்டுவார்கள்.

பஞ்சாயத்தில் கேட்டுக்கொண்டதால் கழித் தண்ணீரைச் சோதிக்கும் வேலை எங்கள் லேபுக்கு வந்தது. போனோம், எடுத்தோம், தட்டில் விட்டோம். புள்ளி அங்கே ஒன்று இங்கே ஒன்று. மறுபடி போனோம், அதே கதை. தண்ணீர் நல்ல தண்ணீர். அப்படியென்றால் வியாதி அந்தப் பெண்களுடையது என்றுதானே ஆகிறது? எங்கள் தட்டே அவர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது.

மேடத்துக்கு மனசு ஒப்பவில்லை. மூன்றாம் தடவை போனபோது படகை விட்டு இறங்கிச் செல்லியின் குடிசைக்கே போனார். செல்லி அடுப்பில் சோறு வைத்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க தண்ணியில எறங்கறத ஒரு தரம்கூட நான் பாக்கலியே, இப்ப வேலைக்குப் போறதில்லையா?" என்று மேடம் கேட்டார்.

செல்லி அகப்பையை வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள். "இன்னா மேடம், நீங்க நாஷ்டா துன்னுட்டு ஜீப்ல வர்றதுக்குள்ள நாங்க எறங்கி ஏறி, குளிச்சி, ஊடு கூட்டி, சோறு ஆக்கிக்கினு இருக்கோம். வெளிச்சம் வரக்குள்ள எறங்குவோம், வெயில் ஏறக்குள்ள ஏறிடுவோம். உச்சி வெயில்ல எந்த எறாலு எங்களுக்காகக் குந்திக்கினு இருக்கும்?"

திரும்பி வருகிற வழியெல்லாம் மேடம் ஜீப்புக்கு வெளியே வெயிலையே பார்த்துக்கொண்டு வந்தார். பொன்னேரி தாண்டினதும், "கஸ்தூரிம்மா, நாம வெயில் குளிச்ச தண்ணியத்தான் எடுத்துண்டிருக்கோம்" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. தண்ணீர் எப்படி வெயிலில் குளிக்கும்?

மறுநாள் மொட்டை மாடியில் காட்டினார். ஒரே கழித் தண்ணீரில் லேபில் வளர்த்த வயிற்றுக் கிருமியைக் கலந்து இரண்டு பாட்டிலில் பிரித்தார். ஒன்றுக்குக் கறுப்புத் தாள் சுற்றினார், இன்னொன்றை அப்படியே விட்டார். இரண்டையும் ஒரே தொட்டித் தண்ணீரில் நிற்க வைத்தார். சூடு இரண்டுக்கும் ஒன்றாக இருக்க வேண்டுமாம், வித்தியாசம் வெளிச்சத்தில் மட்டும்தான் இருக்க வேண்டுமாம். நான் குடையைப் பிடித்துக்கொண்டு காக்காயை விரட்டினேன். அதுவும் ஆராய்ச்சிதான், சிரிக்காதீர்கள்.

மறுநாள் தட்டைப் பார்த்தால், வெயில் பட்ட பாட்டிலுக்கு ஏறக்குறைய வெறும் தட்டு. கறுப்புத் தாள் சுற்றினதற்கு எள் கொட்டின மாதிரி. மேடம் பொறுமையாகச் சொன்னார். மனிதர் வயிற்றிலிருந்து வருகிற கிருமிக்குக் கடல் சொந்த ஊர் இல்லை. உப்பு ஆகாது, வெயில் ஆகவே ஆகாது. ஆனால் மழைத் தண்ணீர் சேர்ந்து உப்புக் குறைந்திருந்தால், சேறு கலங்கியிருந்தால், இரவெல்லாம் வெயிலே படாமல் இருந்தால், சௌகரியமாகத் தாக்குப்பிடிக்கும். விடியற்காலையில் அதெல்லாம் சேர்ந்திருக்கும். நாங்கள் போவதற்குள் வெயில் வந்து பெருக்கித் துடைத்துவிடும்.

விடியற்காலையில் ஜீப் வேண்டும் என்று மேனேஜர் சாரிடம் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை, ஆனால் ஆபீஸ் திறக்காமல் ஜீப் போவாது, இது எப்பவும் இருக்கிற வழக்கம், இதுக்கு யாரு மேடம் கையெழுத்துப் போடுவா என்றார். மேடம் சரி என்று தலையாட்டிவிட்டு வந்து, "நாளைக்கு மொத ரயில்ல வருவீங்களா?" என்று என்னைக் கேட்டார்.

மொத ரயில் என்றால் எங்கள் பக்கம் திருவிழாக் கூட்டம். ஷிப்ட் முடிந்து போகிறவர்களும் ஏறப் போகிறவர்களும் முட்டிக்கொள்வார்கள். என் தலையில் ஐஸ் பெட்டி. ஆலையிலிருந்து வந்த ஒருவன், "ஆயா, காலங்காத்தால குச்சி ஐஸ் விக்கிறியே, இன்னா ஆயா பேஜாரு?" என்றான். பெட்டி முழுக்கக் கிருமிதான் இருக்கு, உனக்கு ஒன்னு வேணுமா என்றேன். எனக்கு உட்கார இடம் கிடைத்துவிட்டது. பொன்னேரியில் இறங்கி, காய்கறி ஏற்றிப் போகிற ஷேர் ஆட்டோவில் மூட்டையோடு மூட்டையாகப் போனோம்.

கழி அன்றைக்கு வேறு கழியாக இருந்தது. கடல் உள்வாங்க, தண்ணீர் வற்றி இறங்கிக்கொண்டிருந்தது, டீ நிறத்தில் கலங்கல், வெளிச்சம் இன்னும் வரவில்லை. அந்த அரையிருட்டில் வரிசையாகத் தலைகள் மட்டும் தெரிந்தன, ஒவ்வொரு முகவாய்க்குக் கீழேயும் ஒரு பறி. மேடம் பறியையே பார்த்துக்கொண்டு நின்றார். பை நனைந்து நனைந்து தண்ணீர் சொட்டுகிறது. பல்லில் கடித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தத் தண்ணீர் வேறு எங்கே போகும்?

"எனக்குக் கழி நடுவுல இருக்கிற தண்ணி வேண்டாம். அவா வாய்க்குப் பக்கத்துல இருக்கிற தண்ணிதான் வேணும்" என்றார்.

சொல்லிவிட்டு முட்டி வரை பூட்ஸோடு இறங்கினார். நாலடி வைத்ததும் பூட்ஸ் சேற்றில் நின்றுவிட்டது, மேடம் மட்டும் முன்னால் போனார். செல்லி பறியைக் கவ்விக்கொண்டே தோள் குலுங்கச் சிரித்தாள். இரண்டு பெண்கள் மேடத்தைப் பிடித்துக் கரையில் உட்கார வைத்தார்கள். ஒரு பூட்ஸ் கிடைத்தது, இன்னொன்று இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. அப்புறம் யார் இறங்குவது? புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு நான் இறங்கினேன்.

மேடம் கரையிலிருந்து சொல்லச் சொல்லச் செய்தேன். "தண்ணி வர்ற பக்கம் பாத்து நில்லுங்கோ. மூடியக் கீழ வைக்காதீங்கோ. பாட்டில் வாய்ல விரல் படக்கூடாது. மடப்பள்ளிக்குத் தண்ணி எடுக்கறதா நெனச்சுக்கோங்கோ." பாட்டிலைத் தண்ணீருக்குள் விட்டு, உள்ளேயே நிமிர்த்தி, ஓட்டத்துக்கு எதிர்முகமாக நிரப்பி, கழுத்தில் கொஞ்சம் காற்று விட்டு மூடி, ஐஸில் வைத்தேன். செல்லி பக்கத்தில் ஒன்று, அடுத்தவள் பக்கத்தில் ஒன்று.

எல்லாம் முடிந்து ஏறப்போகும்போது மேடம் இன்னொரு பாட்டிலை நீட்டினார். அதில் லேபிலேயே வேகவைத்த சுத்தத் தண்ணீர் இருந்தது. அதை அங்கேயே நின்று திறந்து, அதே கையால் பிடித்து, கொஞ்ச நேரம் வைத்திருந்து, மூடிக் கொடுக்கச் சொன்னார். குளிரில் பல் கிட்டுகிறது, நல்ல தண்ணீரை எதற்குத் திறந்து மூடுவது என்று முணுமுணுத்தேன். "திறங்கோ" என்றார். திறந்தேன்.

மேடத்துக்கு மனசில் ஒரு சந்தேகம் இருந்தது. அதனால் கரை ஓரமாகவே நடந்து மேல்பக்கம் போனோம். கண்டல் செடி அடர்ந்து நிழலாக இருக்கிற இடத்தில் ஒரு சின்ன வாய்க்கால் கழியில் சேர்ந்தது. மூக்கே சொல்லிவிட்டது. அதற்குப் பின்னால் மீன் பதப்படுத்துகிற கொட்டகை ஒன்று. அங்கே வேலை செய்கிறவர்களின் கக்கூஸ் தொட்டி மழைக்கு உடைந்து, வாய்க்காலில் வழிந்துகொண்டிருந்தது. கண்டல் நிழலில் வெயிலும் படாது. கழி வற்ற வற்ற அத்தனையும் இறால் தடவுகிற இடத்துக்கு இறங்கி வரும். வாய்க்கால் சேருகிற இடத்திலும் பாட்டில் எடுத்தேன், அதற்கு மேல்பக்கமும் எடுத்தேன்.

மறுநாள் சூடான பெட்டியைத் திறந்தபோது நான் வாயில் கை வைத்துக்கொண்டேன். செல்லி பக்கத்துத் தட்டில் எள் கொட்டிக் கிடந்தது. வாய்க்கால் தட்டில் புள்ளியே இல்லை, புள்ளியும் புள்ளியும் சேர்ந்து பாயாக விரிந்துவிட்டது. வாய்க்காலுக்கு மேல்பக்கம் எடுத்ததில் மட்டும் நாலைந்து.

மேனேஜர் சார் வந்து பார்த்தார். கொஞ்ச நேரம் தட்டைப் பார்த்தார், கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "மேடம், தப்பா நெனைக்காதீங்க. இத எடுத்தது ஆயா. சேத்துல நின்னுக்கினு எடுத்திருக்காங்க. அவங்க கையில இருந்தே கிருமி வந்திருக்கலாம்ல? கொட்டகைக்காரன் மொத கேள்வியா இதத்தானே கேப்பான்?"

செல்லியைச் சொன்ன அதே பேச்சு, இப்போது என் கைக்கு வந்துவிட்டது. வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மேடம் குரலை உயர்த்தவில்லை. பெட்டிக்குப் போய்க் கடைசித் தட்டை எடுத்து வந்து சார் கையில் கொடுத்தார். கண்ணாடி மாதிரி இருந்தது. ஒரு புள்ளி இல்லை.

"இது சுத்தத் தண்ணி சார். அதே சேத்துல, அதே நேரத்துல, கஸ்தூரிம்மா அதே கையால தெறந்து மூடினது. இந்தக் கையில கிருமி இருந்தா மொதல்ல இதுல வந்திருக்கணும்."

சார் தட்டை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். அப்புறம் என்னிடம் திரும்பி, "சாரிம்மா" என்றார். அதோடு விடவில்லை, "நாளைக்கு ஜீப்ப எடுத்துக்கினு போங்க, எத்தினி மணிக்கு வேணுமோ எடுத்துக்குங்க" என்றார். நான் அந்த வெறும் தட்டை வாங்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் கல்யாணப் போட்டோவைக்கூட அப்படிப் பார்த்ததில்லை.

அப்புறம் ஜீப்பிலேயே போய்ப் போய் விடியற்காலைத் தண்ணீர் எடுத்தோம். ஒவ்வொரு தடவையும் தட்டு அதையே சொன்னது. மேடம் கொடுத்த அறிக்கையோடு பஞ்சாயத்தார் மேடத்தையும் கூட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போனார்கள். கொட்டகைக்காரர் முதலில் எங்கள் லேபின் பழைய நல்ல அறிக்கையைத்தான் நீட்டினாராம், உச்சி வெயிலில் எடுத்தது. மேடம் மொட்டை மாடித் தட்டு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் அறிக்கையை மடித்து வைத்துவிட்டாராம். தொட்டியைக் காலி செய்து, புதிதாகக் கட்டி, வாய்க்காலை அடைத்தார்கள். அதுவரைக்கும் பெண்கள் வாய்க்காலுக்கு மேல்பக்கம் போய் இறால் பிடித்தார்கள். பறியை வாயில் கவ்வாமல் கழுத்தில் கயிறு போட்டுத் தொங்கவிடுங்கோ என்று மேடம் கெஞ்சினார். செல்லி கயிறு கட்டிக்கொண்டாள். ஆனால் ஒரு கஷ்டம், வாய் சும்மா இருக்கிறதே, தண்ணீருக்குள்ளேயே பேச ஆரம்பித்துவிட்டாள். இறாலெல்லாம் ஓடிப்போவுதுடி என்று மற்றவர்கள் திட்டினார்கள்.

கோடை பிறந்து, கழியில் உப்பு ஏறி, வாய்க்கால் காய்ந்த பிறகு நாங்கள் கடைசியாக எடுத்த விடியற்காலைத் தட்டில் எண்ணுவதற்கே ஒன்றும் பெரிதாக இல்லை. படுத்திருந்த பெண்கள் எழுந்து வேலைக்கு வந்துவிட்டார்கள். அந்தச் செய்தியைச் சொல்ல நானும் மேடமும் போனோம். செல்லி அப்போதுதான் கரை ஏறி, பறி நிறைய இறாலோடு எடை போடுகிற இடத்துக்கு வந்திருந்தாள். துரைக்கு விஷயம் முன்னாடியே தெரிந்திருக்கிறது. தராசைத் தட்டி, "கொண்டாம்மா செல்லி, போடு" என்று சிரித்துக்கொண்டே கை நீட்டினார்.

செல்லி பறியைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"இரு நைனா. அன்னிக்கு இதே எடத்துல நின்னுக்கினு ஒன்னு கூவுனியே, ஊருக்கே கேட்டுச்சி. இன்னிக்கு அதே மாதிரி நல்லதக் கூவு. அப்பால எடை போடலாம்."

துரை அப்படியும் இப்படியும் பார்த்தார். படகுக்காரர்கள், ஐஸ் உடைக்கிறவர்கள், மீன் கூடைக்காரிகள் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டு நின்றார்கள். அவர் தொண்டையைச் செருமி, "செல்லி இறாலு நல்ல இறாலு" என்றார்.

"கேக்கல நைனா" என்றாள் செல்லி. "அன்னிக்கு அந்தாண்ட கரைக்குக் கேட்டுச்சி."

துரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். இரண்டு கையையும் வாய்க்குப் பக்கத்தில் குவித்து, கழியைப் பார்த்துத் திரும்பி, வயிற்றிலிருந்து கூவினார். அக்கரைக் கண்டலில் உட்கார்ந்திருந்த கொக்கெல்லாம் எழுந்து பறந்தது. மேடம் கைதட்டினார். எதற்கும் குரல் உயர்த்தாத மேடம் கைதட்டினதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

செல்லி பறியைத் தராசில் கவிழ்த்தாள். எல்லாம் உயிரோடு துள்ளியது.